பதிவேட்டில் இல்லாத மூன்று வாளிகள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. என் அக்காவிடமிருந்து வந்தது. திருடியது என்று அவள் சொல்வாள், கேட்டு வாங்கியது என்று நான் சொல்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்கு வந்தவள், செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டாள்.

"ஏன்டா, பத்து லிட்டர் வாளிக்கும் பன்னண்டு லிட்டர் வாளிக்கும் பார்த்தாலே வித்தியாசம் தெரியுமா?"

"பக்கத்துல பக்கத்துல வச்சா தெரியும்."

"தனித்தனியா பார்த்தா?"

"தெரியாது."

"அதான்," என்றாள். நேராகச் சமையலறைக்குப் போய்த் தேநீர் போட்டாள், குடித்தாள், பாத்திரத்தைக் கழுவி வைத்தாள், போய்விட்டாள்.

அந்த வாளிக் கேள்வி ஒரு வாரம் என் மண்டையைக் குடைந்தது. என் பிழைப்பு என்ன தெரியுமா? மிக்சி, மின்விசிறி, துணி துவைக்கும் இயந்திரம் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் வருமே, யாரும் பிரித்துப் பார்க்காமல் அலமாரிக்கு அடியில் போடுவார்களே, அதை எழுதுவது. யாரும் வாசிக்காத எழுத்தில் எனக்கு இருபது வருட அனுபவம். அதனால் நீங்கள் இதை வாசிக்கிறீர்கள் என்பதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிறு நானே அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு மீதியைக் கறந்தேன். சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு ஒரு நிபந்தனையும் போட்டாள்.

"எழுதணும்னா எழுதிக்கோ. நான் சொல்ற வரைக்கும் யார் கண்ணுலயும் படக் கூடாது."

அப்படியானால் இது உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். கொஞ்சம் பொறுங்கள்.

(ஒரு குறிப்பு: ஒவ்வொரு வரைவையும் அக்கா வாசித்தாள். ஓரத்தில் பென்சிலால் கிறுக்கினாள். அவள் கிறுக்கியவற்றைச் சதுர அடைப்புக்குள் அப்படியே விட்டிருக்கிறேன். எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அவள் விடவில்லை.)

2

தொடக்கங்கள்.

முதலாவது: "இருநூறு டிகிரியிலும் நீர் கொதிக்கவில்லை. அது ஒரு துறவியைப் போலத் தன் வெப்பத்தைத் தனக்குள் அடக்கிக்கொண்டு —"

[துறவியா? பக்கத்துல வந்து நின்னு பாரு ஒரு நாள்.]

இரண்டாவது: "அந்தக் கொட்டகையில் ஒரு பெண் வாளிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று —" எட்டு வரைக்கும் எண்ணிவிட்டு நிறுத்தினேன். நல்ல தொடக்கம்தான். ஆனால் முதல் வரியிலேயே குட்டு உடைந்துவிடுகிறது.

மூன்றாவது, பழக்கதோஷத்தில் கை தானாக எழுதியது: "எச்சரிக்கை: கலனை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது."

[இதுதான் சரியா இருக்கு. இதையே வை.]

வைக்கவில்லை. கதை என்றால் கொஞ்சம் அலங்காரம் வேண்டும் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், என் இருபது வருட எழுத்தில் யாராவது ஒருவர் ஒழுங்காக வாசித்திருக்க வேண்டிய ஒரே வரி அதுதான்.

3

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் தாண்டலாம். நான் தாண்டவில்லை. எனக்கு இதுதான் கதையிலேயே பிடித்த இடம்.

நமக்குப் பழக்கமான தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும், ஆவியாகும், அதோடு அதன் சூடு நின்றுவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் ஏறாது. குக்கரில் அடைத்தால் நூற்று இருபதுக்கு ஏறும். இன்னும் தடித்த இரும்புக் கலனில் அடைத்து, மூடியைப் பன்னிரண்டு போல்ட்டுகளால் முறுக்கி, தப்பிக்க இடமில்லாமல் சூடாக்கினால்? இருநூறு, இருநூற்று நாற்பது என்று போய்க்கொண்டே இருக்கும். அப்போதும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். கொதிக்காது.

ஆனால் குணம் மாறிவிடும். எண்ணெயைக் கண்டாலே விலகிப் போகும் தண்ணீர், அங்கே எண்ணெயோடு உறவு கொண்டாடத் தொடங்கும். ஒரு சொட்டு அமிலம் ஊற்றாமலே அமிலத்தின் வேலையைச் செய்யும். மாவுப்பொருளைத் துண்டு துண்டாக அறுத்துச் சர்க்கரையாக்கும். கொழுப்பை உடைத்துச் சோப்புக்கும் எரிபொருளுக்கும் ஆகிற கொழுப்பு அமிலமாகப் பிரித்துக் கொடுக்கும். வெறும் தண்ணீர். வேறு எதுவும் இல்லை. இதைக் கேட்ட அன்று என் வீட்டுக் கெட்டிலை நான் வேறு கண்ணோடு பார்த்தேன்.

அக்கா வேலை பார்க்கும் கொட்டகை ஒரு பெரிய உணவகத்தின் பின்புறத்தில் இருக்கிறது. தட்டுகளில் மிஞ்சிய ரொட்டி, உருளைக்கிழங்கு, பொரித்த எண்ணெய், கழுவு தொட்டியில் படியும் கொழுப்பு எல்லாம் தண்ணீரில் கரைத்த கூழாக வாளியில் வரும். கலனுக்குள் போகும். கலனுக்கு அக்கா வைத்த பெயர் பெரியம்மா.

எங்கள் குடும்பத்தில் நிஜமாகவே அப்படியொரு பெரியம்மா உண்டு. உள்ளே எவ்வளவு சூடு இருந்தாலும் வாயிலிருந்து ஒரு சொல் வராது. ஆறுவதற்குள் வாயைத் திறக்க வைத்தவர்கள் கெட்டார்கள். "பெரியம்மா ஆறட்டும்" என்று அக்கா சொன்னால் கொட்டகையில் ஒருவரும் மூடியைத் தொட மாட்டார்கள்.

இனி சிக்கல். கொழுப்பு முரட்டு ஆசாமி. இருநூற்று நாற்பது டிகிரியில் இருபது நிமிடமாவது வைத்தால்தான் வழிக்கு வரும். சர்க்கரையோ, இருநூறைத் தொடும்போதே பிறந்துவிடும். பிறந்த கையோடு வெளியே எடுக்காவிட்டால், அதைப் பெற்ற தண்ணீரே அதைக் கருக்கிவிடும். இரண்டும் ஒரே கலனில், ஒரே வேளையில் வேண்டும் என்பது கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை. இருபத்தாறு ஓட்டங்கள் ஓட்டிப் பார்த்தார்கள். (ஒருமுறை நிரப்பிச் சூடாக்கி இறக்குவது ஒரு ஓட்டம்.) கொழுப்பு நன்றாக உடைந்தது. சர்க்கரை, கிடைக்க வேண்டியதில் நூற்றில் ஐந்து பங்கு கிடைத்தது. மீதி கரி.

இருபத்தேழாவது ஓட்டத்தில் முப்பத்தைந்து.

அதற்குப் பிறகு மறுபடியும் ஐந்து. நான்கு. ஆறு. ஐந்து.

4

பாத்திரப் படைப்பு என்று ஒன்று இருக்கிறதே, அங்கே வந்து இடித்துக்கொண்டேன்.

அக்கா முன்பு ஒரு பெரிய சலவைக்கூடத்தில் கொதிகலன் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருடம். நீராவியின் சத்தத்தை வைத்தே எந்தக் குழாயில் கசிகிறது என்று சொல்வாள். முப்பத்தெட்டு வயதில் பரீட்சை எழுதி, அழுத்தக் கலன்களை இயக்குவதற்கான சான்றிதழ் வாங்கினாள். அதைச் சட்டம் போட்டு, கூடத்தில் கல்யாணப் படம் இருந்த ஆணியில் மாட்டினாள். "என்னை இறக்கிட்டு அதை ஏத்திட்டா" என்று அத்தான் வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவருக்கும் அதில் பெருமைதான்.

அவளுக்கு ஒரு வேலைமுறை உண்டு. கலனில் எட்டு வாளிக் கூழ் ஊற்ற வேண்டும். ஒவ்வொரு வாளி ஊற்றியதும் காலி வாளியைத் தரையில் கவிழ்த்து வைப்பாள். வரிசையாக எட்டு வாளி கவிழ்ந்திருந்தால் நிரப்பியாயிற்று. அளவுக் குச்சி ஒன்று சுவரில் தொங்குகிறது. அப்போதெல்லாம் அதைத் தொட மாட்டாள். "கண்ணு ஏமாத்தும்டா. வாளி ஏமாத்தாது" என்பாள்.

முதல் வரைவில் இவளை நான் இப்படி எழுதியிருந்தேன்: "உண்மையைச் சொன்னபோது அக்காவின் கண்கள் குளமாயின. தழுதழுத்த குரலில் —"

[நான் எப்படா அழுதேன்?]

அழவில்லை. சரிதான். பிறகு என்ன செய்தாள் என்று யோசித்தேன். அந்த முதல் ஞாயிறு அவள் போன பிறகு என் தேநீர்ப் பாத்திரத்தைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. வாங்கிய நாளில்கூட அது அப்படிப் பளபளத்ததில்லை. அடிப்பக்கத்துக் கரியைக்கூடச் சுரண்டி எடுத்திருந்தாள். அக்காவுக்கு மனம் சரியில்லை என்றால் எதையாவது தேய்ப்பாள். நாற்பது வருடமாகப் பார்க்கிறேன், எழுத உட்கார்ந்த பிறகுதான் கண்ணில் பட்டது.

5

இரண்டாவது ஆள், கண்ணாடி.

கொட்டகையின் பொறியாளர் அவர். ஆராய்ச்சி அவருடையது. கண்ணாடியை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டு, பிறகு அதையே ஊரெல்லாம் தேடுவார். அதனால் அந்தப் பெயர். (அவருக்கு அது தெரியாது. தெரியாது என்று அக்கா நம்புகிறாள்.)

வரைவு ஒன்றில் அவரை வில்லனாக வைத்தேன். மறைக்கப் போவதில்லை. அந்த வரிகள் இவை: "குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து எண்களை மட்டுமே பார்க்கிற மனிதர். வாளி தூக்குகிறவளின் முதுகு அவர் கண்ணில் பட்டதே இல்லை." அக்கா எதற்கோ பயப்படுகிறாள் என்றால், பயமுறுத்துகிறவர் ஒருவர் கதைக்கு வேண்டும் அல்லவா? ஆளைப் பார்க்காமலே எழுதிவிட்டேன்.

பிறகு ஆளைப் பார்க்கப் போனேன். அக்கா என் வீட்டில் குடையை மறந்துவிட்டுப் போயிருந்தாள். நல்ல சாக்கு.

குளிரூட்டிய அறை எதுவும் இல்லை. தகரக் கூரை, நடுவில் பெரியம்மா, மூலையில் ஒரு மேசை, மொத்தத்துக்கும் ஒரே ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டு அவர் நின்றுகொண்டார். நான் இன்னாரின் தம்பி, குடை கொடுக்க வந்தேன் என்று சொல்லி முடிப்பதற்குள் பழைய காகிதத்தின் பின்பக்கத்தில் படம் போட ஆரம்பித்துவிட்டார். தண்ணீர் எப்படிக் குணம் மாறுகிறது என்று ஒரு மணிநேரம் சொன்னார். மூன்றாம் பகுதியில் நான் பெரிய அறிவாளி போல எழுதியிருப்பதெல்லாம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டதுதான். நடுவில் பேச்சை நிறுத்திச் சட்டைப்பையைத் தடவினார், மேசையைத் தடவினார்.

"தலையில சார்," என்றாள் அக்கா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

இது ஒரு நாளைக்கு ஆறு முறை நடக்கும் போலிருக்கிறது.

[பத்து.]

அன்று நாற்பத்தோராவது ஓட்டம். பெரியம்மா ஆறியதும் வடித்து, ஒரு கண்ணாடிக் குப்பியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பால் சேர்க்காத கட்டன் தேநீர் நிறம். அடுப்பில் மறந்துவிட்ட சர்க்கரைப் பாகின் வாசனை கொட்டகை முழுக்க அடித்தது.

"மறுபடியும் போச்சு," என்றார்.

பதிவேட்டைத் திறந்தார். திறக்க வேண்டிய தேவையே இல்லை. அது தானாகவே இருபத்தேழாவது பக்கத்தில் திறந்துகொண்டது. அந்தப் பக்கத்தின் ஓரம் மட்டும் விரல்பட்டு அழுக்கேறி இருந்தது.

"பாருங்க தம்பி, எல்லாமே இதுல இருக்கு. எண்பது லிட்டர். இருநூத்தி நாப்பது டிகிரி. இருபது நிமிஷம். உங்க அக்கா கையால எழுதினது, ஒரு எழுத்து பிசகாது. அப்படியேதான் செய்றோம். ஏன் வர மாட்டேங்குது?"

என்னைக் கேட்டார். மின்விசிறிக்குக் கையேடு எழுதுகிறவனை.

"வெள்ளிக்கிழமை மதிப்பீட்டுக் குழு வருது. நேத்து அதுல ஒருத்தர் போன் பண்ணினார். அந்த முப்பத்தஞ்சு நிஜமாவே வந்த நம்பரா, இல்ல வரணும்னு ஆசைப்பட்டு நான் எழுதிக்கிட்ட நம்பரான்னு கேட்டார்." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "மூணு வருஷமா இதே வேலைங்க. கேட்டுட்டாரு."

அக்கா மூடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

எனக்கு அப்போதே விடை தெரியும். நீங்கள் அடுத்த பகுதியில் வாசிக்கப்போவது எனக்கு முந்தின ஞாயிறே தெரியும். அவருடைய ஒரே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. வில்லனைக் கதையிலிருந்து எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு அந்த இடத்துக்கு ஆள் தேடிப் பார்த்தால், அங்கே நான்தான் நின்றுகொண்டிருந்தேன்.

6

இந்தப் பகுதியில் அலங்காரம் கிடையாது. நடந்தது நடந்தபடி.

உணவகத்தில் பழைய நீல வாளிகள் விரிசல் விட்டன. சாம்பல் நிறத்தில் புது வாளிகள் கொடுத்தார்கள். அதே உயரம். வாய் மட்டும் ஒரு விரல் கூடுதல் அகலம். நீல வாளி பத்து லிட்டர். சாம்பல் வாளி பன்னிரண்டு.

இருபத்தேழாவது ஓட்டத்தன்று காலை அக்கா எட்டு வாளி ஊற்றினாள். எட்டையும் கவிழ்த்து வைத்தாள். பதிவேட்டில் 'எண்பது லிட்டர்' என்று எழுதினாள். உள்ளே போனது தொண்ணூற்றாறு.

கலன் மொத்தமே நூற்றுப் பத்து லிட்டர்தான். பதினான்கு லிட்டர் இடம் மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் சூடாகும் தண்ணீர் பெருகும். இருநூறு டிகிரியில் அந்தத் தொண்ணூற்றாறு, நூற்றுப் பத்தைத் தாண்டப் பார்க்கும். இரும்பு இடம் கொடுக்காது, தண்ணீரும் நசுங்காது.

கண்ணாடி அப்போது ஏதோ படிவத்தில் கையெழுத்து வாங்க அலுவலகம் போயிருந்தார். வெப்பமானி நூற்றுத் தொண்ணூற்றைந்து காட்டியது. அழுத்த முள் பதினைந்தை ஒட்டி நிற்க வேண்டும். இருபதில் நின்றது. இருபத்தைந்து. அக்கா ஹீட்டரை அணைத்தாள். முப்பது. அணைத்த பிறகும் இரும்பின் சூடு உள்ளே இறங்கிக்கொண்டுதான் இருந்தது. முள் நாற்பதில் இருக்கும் சிவப்புக் கோட்டைத் தொட்டது.

விதி சுவரில் ஒட்டியிருக்கிறது: அணை, வெளியேறு, தெரிவி, பதிவு செய்.

"ஓடியிருக்கணும்," என்றாள் அக்கா. "ஓடினா ஏன் ஓடினேன்னு கேப்பாங்க. எத்தனை வாளின்னு கேப்பாங்க. அளவுக் குச்சி எங்கன்னு கேப்பாங்க. அதெல்லாம் அந்த ஒரு நிமிஷத்துல எனக்குத் தோணுச்சுடா. உயிரு தோணல, சான்றிதழ் தோணுச்சு."

ஓடவில்லை. கலனின் அடியில் ஒரு வால்வு உண்டு. அதிலிருந்து போகும் குழாய், குளிர்ந்த தண்ணீருக்குள் சுருண்டு சுருண்டு போய் வெளியே வரும். அதனால் வெளியே வரும்போது கை பொறுக்கிற சூடுதான் இருக்கும். அவள் குனிந்து அந்த வால்வைத் திருகினாள். கவிழ்த்து வைத்த வாளி ஒன்றை நிமிர்த்திப் பிடித்தாள். நிறைந்தது. இன்னொன்று. முள் இறங்க ஆரம்பித்தது. ஆனாலும் கை வால்வை மூட மறுத்தது. மூன்றாவதும் நிறைந்த பிறகுதான் மூடினாள்.

வாளியில் இருந்தது இளம்பழுப்பு நிறத் தண்ணீர். லேசான இனிப்பு வாசனை.

ஹீட்டரை மறுபடி போட்டாள். இருநூற்று நாற்பது. இருபது நிமிடம். ஆறவிட்டு வடித்தபோது, அந்த மூன்று வாளியையும் வடித்த தொட்டிக்குள் திருப்பி ஊற்றிவிட்டாள். தொட்டியில் அளவு குறையாமல் இருந்தால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? பதிவேட்டில் கட்டங்களை வழக்கம்போல அழகாக நிரப்பினாள். மூன்று வாளிகளுக்கு அங்கே கட்டம் இல்லை.

மறுநாள் சோதனை முடிவு வந்தது. முப்பத்தைந்து. கண்ணாடி துள்ளிக் குதித்தார். அக்காவுக்கு ஒரு புதுப் பேனா வாங்கிக் கொடுத்தார், பதிவேடு எழுத.

இரண்டு நாள் கழித்து வாளி கழுவும்போது அடியில் புடைத்திருந்த எண் விரலில் தட்டியது. 12. அன்றிலிருந்து அளவுக் குச்சியை வைத்து, துல்லியமாக எண்பது லிட்டர் நிரப்புகிறாள். அன்றிலிருந்து சர்க்கரை கருகுகிறது.

7

இங்கே நானாக ஒரு பெரிய கண்டுபிடிப்புக் காட்சி எழுதப் பார்த்தேன். தம்பி, அதாவது நான், சட்டென்று நெற்றியில் தட்டிக்கொண்டு, "அக்கா! உன் தப்புதான் விடை!" என்று கத்துவதாக.

[அது எனக்கு முப்பதாவது ரன்லயே தெரியும்.]

கேட்டால் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே சொல்கிறாள். "இதுல என்னடா பெரிய ஆராய்ச்சி? கொழுப்பு மேல மிதக்கும், தண்ணி கீழ நிக்கும். கீழ் வால்வைத் திறந்தா தண்ணிதான் வரும். சர்க்கரை அதோட கருகாம வந்துடுச்சு. கொழுப்பு உள்ளயே கிடந்து வெந்துச்சு. மூணு வாளில இருந்ததுதான் அந்த முப்பத்தஞ்சு. இன்னும் ரெண்டு வாளி எடுத்திருந்தா அறுபது வந்திருக்கும்."

படித்தவர்கள் மூன்று வருடம் தேடியதை, சீவிய தோலை ஒதுக்குகிற மாதிரி ஒதுக்கி வைத்துவிட்டாள்.

"சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லிப் பார்த்தேன். முப்பத்திரண்டாவதுல. 'சார், நடுவுல கீழருந்து கொஞ்சம் வெளிய எடுத்துப் பார்க்கலாமா'ன்னேன்."

"என்ன சொன்னார்?"

"பதிவேட்டைத் திறந்து பார்த்தார். 'இருபத்தேழுல அப்படி எடுக்கலையேம்மா'ன்னார்."

இதைவிட நல்ல வரியை நான் எழுதியதில்லை. இதையும் நான் எழுதவில்லை. அவர் நம்புவது அவள் கையெழுத்தை. அந்தக் கையெழுத்துதான் அவர் கண்ணை மறைக்கிறது. விடையைக் கொடுக்க வேண்டுமானால் அவள் பொய்யையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். அதிகம் நிரப்பியது ஒரு குற்றம், சிவப்புக் கோட்டைப் பதியாதது இன்னொரு குற்றம். சான்றிதழ் போகும். போனால் எந்த ஊரிலும் எந்தக் கொதிகலன் பக்கமும் அவளை நிற்க விட மாட்டார்கள்.

8

முடிவுகள்.

முடிவு ஒன்று. அக்கா சொல்கிறாள். கண்ணாடி திகைக்கிறார், பிறகு அவள் கைகளைப் பற்றிக்கொள்கிறார். வெள்ளிக்கிழமை குழு கைதட்டுகிறது. சான்றிதழுக்குப் பக்கத்தில் இன்னொரு சட்டம் —

[சினிமா.]

முடிவு இரண்டு. அக்கா சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை குழுவினர் தேநீர் குடிக்கும் நேரத்தில் குனிந்து கீழ் வால்வைத் திறக்கிறாள். மூன்று வாளி. பிறகு யாருக்கும் தெரியாமல் திருப்பி ஊற்றுகிறாள். முப்பத்தைந்து வருகிறது. அவர் மானம் தப்பியது, அவள் சான்றிதழும் தப்பியது. எல்லோரும் நலம். உண்மையைச் சொன்னால் எனக்கு இதுதான் பிடித்திருந்தது. நான்கு பக்கம் ஒரே மூச்சில் எழுதினேன்.

[அவர் அந்த எண்ணை வச்சுப் பெரிய கலன் கட்டுவார். அங்க வேற ஒருத்தி நிப்பா. வராதப்போ அவளைத்தான் திட்டுவாங்க. அவளுக்கு வால்வைத் திறக்க யாரு சொல்லிக் குடுப்பா?]

நான்கு பக்கத்தையும் கிழித்தேன்.

முடிவு மூன்று. யாரும் எதுவும் சொல்லவில்லை. குழு வருகிறது, நாற்பத்திரண்டாவது ஓட்டம் கருகுகிறது. கண்ணாடி பதிவேட்டை எடுத்து, தன் கையாலேயே இருபத்தேழாவது பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டு, 'பிழை' என்று எழுதிக் கையெழுத்திடுகிறார். ஸ்டூலை யாரோ தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

இதற்கு அக்கா எதுவும் எழுதவில்லை. பென்சில் முனை ஒடிந்த ஒரு புள்ளி மட்டும் தாளில் இருந்தது.

நேற்று, செவ்வாய்க்கிழமை மாலை, அவள் வந்தாள். என் வீட்டில் தேய்க்க ஒன்றும் பாக்கி இல்லை.

"நீ கதைக்காக என்னை மாட்டி விடப் பாக்குற," என்றாள்.

"கதையைக் கொளுத்திடறேன். நீ போய் அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு."

"வாய் வரைக்கும் வருதுடா. பின்னாடி போய் நிக்கிறேன். 'என்னம்மா'ன்னு திரும்பறார். அந்த மூஞ்சியைப் பார்த்ததும், 'ஒண்ணுமில்ல சார், கண்ணாடி தலையில இருக்கு'ன்னு சொல்லிட்டு வந்துடறேன். பதினாலு ரன்னா இதேதான் நடக்குது."

ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசையை முந்தானையால் துடைத்தாள்.

"மொத்தம் எத்தனை பக்கம்?" என்று கேட்டாள்.

"எது?"

"நீ எழுதினது. நல்ல எழுத்துல ஒரு பிரதி எழுதிக் கொடு. எதையும் எடுக்காதே. நான் கிறுக்கினதையும் எடுக்காதே. அவரைக் கெட்டவர்னு எழுதினியே, அதையும்."

"அக்கா, அது வேண்டாம்—"

"அவர் முழுசாப் படிக்கணும். முழுசா இல்லாத ஒண்ணை நம்பித்தான் இத்தனை நாள் வீணாப் போச்சு."

9

ஆகவே, சார்.

முதல் பக்கத்திலிருந்து 'நீங்கள்' என்று நான் கூப்பிட்டதெல்லாம் உங்களைத்தான். எழுதத் தொடங்கியபோது வேறு யாரையோ நினைத்துத்தான் எழுதினேன். நேற்று மாலையிலிருந்து இந்தக் கதைக்கு வாசகர் நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் இயந்திரத்தை உங்களுக்கே விளக்கியதற்கு மன்னிக்கவும். மூன்றாம் பகுதியில் தப்பு இருந்தால் அது நான் கவனிக்காததால், நீங்கள் சொல்லிக்கொடுத்ததில் குறை இல்லை. குளிரூட்டிய அறைக்கும் மன்னிக்கவும். உங்கள் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு ஒரு மணிநேரம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. அதற்குத்தான் விடிகாலையிலிருந்து இதை நல்ல எழுத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 'கண்ணாடி' என்ற பெயர் உங்களுக்குத் தெரியாது என்று அக்கா நம்பியதும் இதோடு முடிந்தது.

இது இருபத்தேழாவது பக்கத்தில் செருகியிருக்கும். பதிவேடு தானாகத் திறப்பது அங்கேதான் என்பதால் நீங்கள் எப்படியும் பார்த்துவிடுவீர்கள். இன்று புதன். வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்க்கப் போதும். இன்று அவள் அளவுக் குச்சி வைத்து எண்பது லிட்டர் நிரப்பியிருப்பாள். கீழ் வால்வுக்குப் பக்கத்தில் சாம்பல் வாளிகள் நிமிர்ந்தபடி இருக்கும். மூன்றா, ஐந்தா என்று நான் கேட்கவில்லை. ஹீட்டரை இன்னும் போட்டிருக்க மாட்டாள்.

வீட்டுக் கூடத்தில் இருந்த சான்றிதழைக் கழற்றித் தன் பைக்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். நீங்கள் கேட்டால் கொடுப்பதற்கு. காலையில் அத்தான் எனக்குப் போன் செய்தார். சிரிக்கவில்லை. "ஆணி சும்மா இருக்குடா. கல்யாணப் படத்தைத் திரும்ப மாட்டவான்னு கேட்டேன். சாயந்திரம் வரைக்கும் பொறுங்கன்னா," என்றார்.

நானும் பொறுத்திருக்கிறேன். நான்காவதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன், அக்கா வாங்கிக் கிழித்துவிட்டாள். "அது நீ எழுத வேண்டியது இல்ல" என்றாள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவள் இப்போது உங்களுக்குப் பின்னால், நான்கைந்து அடி தள்ளி, சுத்தமான எதையோ தேய்த்துக்கொண்டு நிற்பாள்.

இதுவரை வாசித்திருக்கிறீர்கள் என்றால் கண்ணாடி உங்கள் மூக்கின்மேல்தான் இருக்கிறது. 'தலையில சார்' என்று சொல்லி நழுவ இன்று அவளுக்கு வழியில்லை.

திரும்பி, 'என்னம்மா' என்று கேளுங்கள்.